இந்தப் போர்டு என் சம்மதத்துடன் வைக்கப்பட்டது

கட்கி, புனே – 3
24–10–2004, ஞாயிறு

சிரஞ்சீவி பிரணவுக்கு,

கட்கி குவார்ட்டர்ஸிலிருந்து உன் அப்பாவைப் பெற்ற ஆயா சரசா, உனக்கு ஆயுசும் அறிவும் வேளைக்குச் சாப்பாடும் குறையாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா சியாமளாவும் தங்கை ப்ரீதியும் நலம். உன் அப்பா நலமா என்பது கடிதத்தின் நடுவில் வரும். அவசரப்பட்டு அங்கே தாவாமல் வரிசையாகப் படி. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்பதால் குண்டு குண்டாக எழுதியிருக்கிறேன்.

முதலில் நல்ல சேதிகள். ப்ரீதி மூன்றாம் வருஷ இன்ஜினீயரிங்கில் காலேஜிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவதாக வந்த பெண்ணின் அப்பா அதே காலேஜில் வாத்தியார் என்பதையும் சேர்த்துத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். லண்டனில் உன் அத்தை மகள் சஹானாவுக்கு வேலையில் உயர்வு வந்து, இப்போது அவளுக்குக் கீழே நான்கு வெள்ளைக்காரர்கள். அவர்கள் அவளை 'மேடம்' என்று கூப்பிடுவதில்லையாம், பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம், போகட்டும். அவள் தம்பி விச்சு இங்கே புனேயில் ஔந்த் ஸ்கூலில் நீச்சலில் வெள்ளி மெடல் வாங்கினான், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே அலறுகிற நம் குடும்பத்தில். நீயோ ஒஹையோவில் வேலையில் சீனியர் ஆகி, வாடகைக்கென்றாலும் தனி வீடு எடுத்து, முன்னால் புல்லும் பின்னால் மரமுமாக இருக்கிறாய். நான் அஞ்சாங்கிளாஸோடு ஸ்லேட்டைக் கீழே வைத்தவள். இத்தனையும் எனக்குப் பின்னால் வந்தது என்று நினைத்தால் இரண்டு சப்பாத்தி கூடுதலாக இறங்குகிறது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டுவது ஏனென்றால், அடுத்த சேதிக்குப் பேனா நகரமாட்டேன் என்கிறது. உன் அப்பாவுக்கு ஆபீஸில் மெமோ கொடுத்துவிட்டார்கள். முப்பத்தேழு வருஷ சர்வீஸில் ஒரு நாள் லேட்டாகப் போனதில்லை, ஒரு குண்டூசி வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, வருகிற ஏப்ரலில் ரிடையர் ஆகப் போகிறவன். அவனுக்கு மெமோ. காரணம் நான். என்னைத் தூண்டியது நீ அனுப்பிய போட்டோ. உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அப்பா உத்தரவு. அவன் சொன்னது "போன்ல அவனுக்குச் சொல்லாத" என்று. கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் நீ போனில் பேசினாயே, நினைவிருக்கிறதா. இங்கே எங்களுக்கு சட்டசபை எலெக்‌ஷன், அங்கே உங்களுக்குப் பெரிய எலெக்‌ஷன், இரண்டும் கிட்டக் கிட்ட வருகிறது என்று சொன்னாய். "ஆயா, இங்க டிவியைப் போட்டா நாலு விளம்பரத்துல மூணு எலெக்‌ஷன் விளம்பரம், எதிராளி பேரைச் சொல்லியே திட்டுவாங்க, ஆனா கடைசில நிக்கறவரே வந்து, நான் இன்னார், இந்த விளம்பரத்துக்கு என் சம்மதம் உண்டுன்னு சொந்தக் குரல்ல சொல்லணும், அது சட்டம்" என்றாய். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. திட்டுகிறவன் பேரைச் சொல்லிவிட்டுத் திட்டுகிறான். நம் லைனில் தண்ணீர்க் குழாயடியில் இந்தச் சட்டம் வந்தால் பாதிப் பேருக்கு வாய் திறக்க முடியாது. அப்புறம் நீ சொன்னாய், ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசல் புல்லில் தனக்குப் பிடித்தவர் பேரைச் சின்னப் போர்டில் நட்டு வைப்பார், கவர்மெண்ட் உத்தியோகஸ்தர்கூட வைக்கலாம், எதிர் வீட்டுக்காரர் எதிர்க்கட்சிப் போர்டு வைப்பார், இருவரும் சேர்ந்து புல் வெட்டுவார்கள் என்று.

பத்து நாளில் உன் போட்டோவும் வந்தது. நீல ஸ்வெட்டர் போட்டு, இளைத்துப்போய், வாசல் புல்லில் நீ. உன் முழங்காலுக்குப் பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு போர்டு. போர்டில் பாதியை உன் கால் மறைத்திருந்தது. மேலே பெரிய எழுத்தில் பென்னிங் என்று ஒரு பேர், ப்ரீதிதான் படித்துச் சொன்னாள். அவளும் ஸ்வெட்டரைப் பார்த்த அளவுக்குப் போர்டைப் பார்க்கவில்லை. சொன்ன மாதிரியே பிள்ளை போர்டு வைத்துவிட்டான் என்று எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. லைன் முழுக்கக் காட்டினேன். அந்தப் பென்னிங் ஜெயிக்கவேண்டும் என்று நம் முருகன் கோயிலில் அர்ச்சனைகூடப் பண்ணினேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். "தெரியாதுங்க, சிவப்பு போர்டு" என்றேன்.

இந்தச் சமயத்தில் நம் ஜமீலா சுயேச்சையாக நின்றாள். உனக்குத் தெரியும், வாணியம்பாடி ஜமீலா, பின் லைனில் பிளவுஸ் தைப்பவள், சின்ன வயதில் உனக்கு அரைக்கால் சட்டை தைத்துக் கொடுத்தவள். அவள் தையல் படித்தது நம் வராந்தாவில், என் மெஷினில். பஸ் ஸ்டாப்புக்குக் கூரை வரவேண்டும் என்று நாலு வருஷம் மனு எடுத்து அலைந்து, கடைசியில் வரவழைத்தாள். அந்தக் கூரை கொடுத்த தைரியத்தில் நின்றாள். சின்னங்களின் லிஸ்டைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டபோது, தையல் மெஷின் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, நேரே இங்கே வந்தாள். "சரசாக்கா, உங்க மெஷினைத்தான் சின்னமாக் கேட்டு வாங்கினேன்" என்றாள். பெரிய கட்சிக்காரர்கள் ஜீப்பும் ஸ்பீக்கருமாகப் போனார்கள். இவள் கையால் எழுதின நோட்டீஸை பிளவுஸ் பார்சலுக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்காவில் என் பேரன் முகம் தெரியாத பென்னிங்குக்குப் போர்டு நடுகிறான், நான் இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா. உன் அப்பா ஆபீஸ் வேலையாக ஜபல்பூர் போயிருந்தான். உன் அம்மா காலையிலேயே ஸ்கூலுக்குப் போய்விட்டாள், ப்ரீதி காலேஜுக்கு. பழைய கட்டில் பலகையை எடுத்து, ஜன்னலுக்கு அடித்து மீந்த பச்சைப் பெயிண்டில் மெஷின் படம் வரைந்தேன். சக்கரம் கொஞ்சம் கோணிப் பூசணிக்காய் மாதிரி வந்தது. மேலே 'ஜமீலாவுக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று எழுதினேன். எனக்கு மராத்தி எழுத வராது, அதனால் தமிழில்தான். அமெரிக்கச் சட்டத்தையும் விடவில்லை. கீழே, 'நான் சரசா. இந்தப் போர்டு என் சம்மதத்துடன் வைக்கப்பட்டது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது' என்று எழுதினேன். கடைசி வரி எதற்கென்றால், சக்கரம் கோணினதற்குப் பழி உன் அம்மா மேல் விழக்கூடாதே என்றுதான். பெயிண்ட் காய மூன்று நாள் ஆயிற்று, அதுவரை பலகை என் கட்டிலுக்கு அடியில். ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் நட்டேன். பரீட்சைக்கு முந்தின நாள் படிப்பதுதானே மனசில் நிற்கும்.

ஒரு மணிக்கு ஜீப் வந்தது. எலெக்‌ஷன் ஆபீஸ்காரர்கள், கையில் வீடியோ கேமரா. ஒரு பையன், "ஆஜி, ஹே காய் ஆஹே?" என்று போர்டைக் காட்டி, இது என்ன என்று மராத்தியில் கேட்டான். ஆஜி என்றால் பாட்டி, மரியாதையாகத்தான் கேட்டான். நான் பேரன் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினேன். அவன் போட்டோவையும் வீடியோ எடுத்துக்கொண்டான். முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணியோடு பிரசாரம் முடிந்துவிட்டதாம், கடைசி நாற்பத்தெட்டு மணி நேரம் யாரும் வாயே திறக்கக்கூடாது, அது முதல் தப்பு. கவர்மெண்ட் குவார்ட்டர்ஸில் சின்னம் வைத்தது இரண்டாவது தப்பு. போர்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பையன் கண் வராந்தாவுக்குப் போயிற்று. அங்கே என் தையல் மெஷின். முப்பது வருஷமாக அதே இடத்தில் நிற்கிறது. "இதுவும் சின்னம்தான்" என்றான். "சின்னம் இல்லப்பா, மெஷினு" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். அவனுக்கும் சங்கடம். சட்டம் எதில் வந்து முடிகிறது பார். கடைசியில் ஒரு பெட்ஷீட் போட்டு மூடச் சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை உன் அப்பா ஜபல்பூரிலிருந்து வந்து வாசல்படி ஏறும்போதே, "மெஷினுக்கு இன்னா ஒடம்பு சரியில்லையா, போத்திக்கினு இருக்குது" என்று கேட்டான். அதுதான் அந்த வாரத்தில் அவன் பேசின கடைசி வேடிக்கை. மறுநாள் ஆபீஸில் மெமோ. ஏழு நாளில் விளக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும். கவர்மெண்ட் ஊழியர் தன் சட்டையிலோ வண்டியிலோ குடியிருக்கிற வீட்டிலோ எலெக்‌ஷன் சின்னத்தைக் காட்டினால், பதவியை வைத்து ஓட்டுக் கேட்ட மாதிரி ஆகுமாம். விசாரணை என்று ஒன்று ஆரம்பித்தால் ரிடையர் ஆகிற நாளில் பென்ஷன் முழுசாக வராது, கேஸ் முடிகிறவரை இழுக்கும். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் சமையலறையில் சொன்னது எனக்குக் கேட்டது. திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏம்மா, பிரணவ் அங்க வெச்சான்னுதான் நீ இங்க வெச்சியா?"

"ஆமாண்டா."

"அவன் அங்க கார்ல ரோட்டுக்கு வலப் பக்கம் போறான். நாளைக்கு ஆட்டோக்காரனை நீ வலப் பக்கம் போகச் சொல்லுவியா?"

கேட்டுவிட்டு எழுந்து போனான். வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கத்தை எழுதி எழுதிக் கிழித்தான். எழுதினால் 'என் தாயார் செய்தது' என்று எழுதவேண்டும். அதை எழுதக் கை வரவில்லை அவனுக்கு. மூன்றாம் நாளும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஆகவே நானே போனேன். ப்ரீதியைக் கூட்டிக்கொண்டு, உன் போட்டோவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, உன் அப்பாவுக்குத் தெரியாமல் அவன் ஆபீஸுக்கே. அங்கே பத்மநாபன் என்று நம் பாஷை பேசுகிற ஒரு ஆபீசர், மெமோவில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ஜீப்காரர்கள் புகாரோடு அனுப்பிவைத்த என் போர்டு மூலையில் சுவரில் சாய்ந்து நின்றது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க குடியிருக்கற வீடு யாருதும்மா?"

"என் புள்ளைதுங்க."

"இல்லியே."

"அப்ப ஆபீஸுது."

"ஆபீஸுதும் இல்ல. காகிதத்துல ராஷ்டிரபதின்னு இருக்கு, நம்ம ஜனாதிபதி. அடுத்தவங்க எடத்துல போர்டு வெக்கணும்னா சொந்தக்காரர்கிட்ட எழுதி வாங்கணும்."

"அவ்ளோ பெரியவர்கிட்ட இதுக்குப் போயி எப்படிங்க கேக்கறது?"

"அதனாலதாம்மா யாரும் வெக்கறதில்ல."

நான் போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தேன். என் பேரன் வைத்திருக்கிறானே, அவனை யாரும் வீடியோ எடுக்கவில்லையே என்றேன். அது அந்த ஊர்ச் சட்டம் என்றார். "சட்டம் ஊருக்கு ஊர் மாறுமாங்க? பொய் சொல்லக்கூடாதுன்றது எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒண்ணுதாம்மா. யார் பேசலாம், எங்க பேசலாம், எப்ப நிறுத்தணும், அதுதான் ஊருக்கு ஊர் வேற" என்றார்.

அப்புறம் எழுந்து போய் என் போர்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இத்தனை நாளில் அதைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. அவரும் அன்றுதான் படித்தார். ஒருமுறை வாய்க்குள், ஒருமுறை சத்தமாக. 'வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது' என்கிற இடத்தில் நிறுத்தி, "இதை எப்பம்மா எழுதினீங்க, மாட்டினப்பறமா?" என்று கேட்டார். ஜீப்பிலேயே பிடுங்கிக்கொண்டு போனீர்களே, அப்புறம் நான் எங்கே எழுதுவது என்றேன். ஏன் எழுதினீர்கள் என்றார். அமெரிக்காவில் அப்படித்தான் என்று சொன்னேன். மனுஷர் ரொம்ப நேரம் சிரிக்கவில்லை, அப்புறம் சிரித்தார். நான் சொல்லச் சொல்ல ப்ரீதி ஒரு விளக்கம் எழுதினாள், கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அதையும், போர்டில் எழுதியிருந்ததையும், ஆதாரத்துக்கு உன் போட்டோவையும் பின் குத்திக் கோப்பில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை மெமோவை ரத்து செய்து, இனி வீட்டாரை எச்சரித்து வைக்கவும் என்று ஒரு வரி எழுதி முடித்துவிட்டார்கள். உன் அப்பா அந்தத் தாளை என் மடியில் வைத்தான். "எச்சரிச்சிட்டேன்" என்றான். இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டான்.

சஹானாவிடமும் போனில் இதைச் சொன்னேன். அவள் லண்டனில் ஜன்னலில் காகிதம் ஒட்டிக்கொள்ளலாமாம், ஆனால் டிவியில் எந்தக் கட்சியும் விளம்பரம் வாங்க முடியாதாம், யாருக்கும் விற்கமாட்டார்களாம். கட்சிக்கு இத்தனை நிமிஷம் என்று சும்மா கொடுப்பார்களாம், குழாயடியில் முறை வைத்துக் குடம் வைப்பது போல. இங்கே டிவியில் போடுவதை முன்கூட்டி ஒரு கமிட்டி பார்த்துச் சரி என்று சொல்லவேண்டும் என்று இந்த வருஷம்தான் வந்திருக்கிறதாம். உங்கள் ஊரில் என்ன வேண்டுமானாலும் சொல்லு, ஆனால் பேரைச் சொல்லு. சஹானா ஊரில் கூடத்து டிவிக்கு விலை பேசாதே. நம் ஊரில் முதலில் காட்டிவிட்டுச் சொல்லு, கடைசி இரண்டு நாள் சும்மா இரு. எது சரி என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். எனக்கு அந்த இரண்டு நாள் சும்மா இருப்பது பிடித்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த பிறகு, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பிள்ளையை இரண்டு நாள் தனியாக விட்டால் எத்தனை வீடு நன்றாக இருக்கும். அந்த இரண்டு நாளைக் கெடுத்தவள் நானேதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை, பிரணவ். ஜமீலா மாதிரி ஒருத்தி எந்த ஊரில் நின்றால் அவள் பேச்சு நாலு பேர் காதில் விழும்? உங்கள் ஊரில் டிவியில் வர அவளிடம் வசதி இல்லை. லண்டனில் நிமிஷம் கொடுப்பது பெரிய கட்சிகளுக்கு. இங்கே சுவர் ராஷ்டிரபதியுடையது. அவளிடம் இருந்தது பிளவுஸ் பார்சல்தான். படித்தவன் நீ, யோசித்து எழுது.

அவளுக்கு அறுநூற்றுப் பதினோரு ஓட்டு விழுந்தது. முடிவு வந்த அன்று வந்து, பெட்ஷீட் போட்ட மெஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சரசாக்கா, நம்ம போர்டை எத்தினி பேரு படிச்சிருப்பாங்க?"

"ரெண்டு மணி நேரம்தாண்டி இருந்திச்சி. தமிழ் படிக்கத் தெரிஞ்ச வூடு இந்த லைன்ல நாலு. அதுல மூணு பேருக்கு ஓட்டு வேலூர்ல இருக்குது."

"நாலாவது?"

"நம்ம வூடுதான்."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு பெட்ஷீட்டை எடுத்தோம். குங்குமம் நான் வைத்தேன், எண்ணெய் அவள் போட்டாள். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை சிலிண்டர் சின்னம் கேட்கிறேன், அதை எந்த வீட்டிலும் மூடச் சொல்ல முடியாது என்றாள்.

நீ இனிமேல் எனக்குப் போட்டோ அனுப்பவேண்டாம். பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. உன் முகம் எனக்கு மறக்காது. வீட்டைப் பெருக்கி, விளக்கு வைத்து, குளிரில் காதை மூடிக்கொண்டு, பெரிய இடத்தில் பேர் வாங்கிச் சுகமாக இரு. முருகன் துணை. பென்னிங் ஜெயித்தால் சொல், தேங்காய் உடைக்கவேண்டும்.

உன் ஆயா,
சரசா

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உன் அப்பா ஆபீஸ் கதை ஒன்று சொன்னான், ஒட்டாமல் வைத்துவிட்டேன். அந்தப் பத்மநாபன் ஸ்டாம்ப் சேர்க்கிறவராம், மேஜையில் எப்போதும் பெரிய லென்ஸ் இருக்குமாம். கோப்பை அலமாரியில் வைக்குமுன் உன் போட்டோவை அதில் பார்த்திருக்கிறார். பென்னிங் என்கிற பேருக்குக் கீழே, உன் கால் மறைத்தது போக மிச்ச இடத்தில், போன் நம்பரும் 'வீடு விற்பனைக்கு' என்பதும் இருக்கிறதாம். நான் அர்ச்சனை பண்ணினது ஒரு வீட்டு புரோக்கருக்கு. நீ ஒரு போர்டும் வைக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் எலெக்‌ஷன் போர்டு வைத்த ஒரே ஆள் நான்தான். கோப்பு மூடியாயிற்று, மறுபடி திறக்கவேண்டாம் என்று அவர் சிரித்தாராம். உன் அப்பாவும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ இருக்கிற வீட்டை விற்கிறார்கள். எங்களிடம் சொல்லவில்லை. போனில் மூன்று தடவை பேசினாய், எலெக்‌ஷனைப் பற்றியெல்லாம் பேசினாய், இதைச் சொல்லவில்லை. இளைத்தது அதனால்தானா? எங்கே போகப் போகிறாய், வேறு தெருவுக்கா, வேறு ஊருக்கா, இங்கேயா? நான் மேலே போட்டோ வேண்டாம் என்று எழுதினதை அடித்துவிடு. பழையது ராஷ்டிரபதி கோப்பில் இருக்கிறது, திரும்ப வராது. நீ இப்போது எந்த வாசலில் நிற்கிறாயோ அந்த வாசலில், போர்டு ஏதாவது இருந்தால் அதைக் காலால் மறைக்காமல், ஒரு புதுப் போட்டோ எடுத்து உடனே தபாலில் போடு.